வாசகர் கேள்வி – பதில்: ஒரு ஜெனரலும் ஒன்பது ஆசனங்களும்

சென்ற இதழில், எல்லா இனத்தவரும் முதன்முறையாக வாக்களித்த தென்னாபிரிக்காவின் 1994 தேர்தலைப் பற்றிய ஒரு பதிலில், "ஆபிரிக்கானர் சுயநிர்ணயம் கேட்ட ஜெனரல் கொன்ஸ்டாண்ட் ஃபில்யூன்" என்று ஒரு வரி எழுதியிருந்தோம். அவருடைய கட்சி இரண்டு சதவீத வாக்கில் ஒன்பது ஆசனம் எடுத்ததையும் சொல்லியிருந்தோம். (ஆபிரிக்கானர் என்போர் பெரும்பாலும் டச்சு வழிவந்த, ஆபிரிக்கான்ஸ் மொழி பேசும் வெள்ளையர்.) அந்த வரியைப் பிடித்துக்கொண்டு கேள்விகள் நிறைய வந்துவிட்டன. எனவே இம்முறை பகுதி முழுவதும் அவருக்கே.

கேள்வி: யார் இந்த ஃபில்யூன்? படைத்தளபதி ஒருவர் கட்சித் தலைவரானது எப்படி?
*உயர்தர அரசறிவியல் மாணவர், சுன்னாகம்*

பிறப்பு 1933 ஒக்ரோபர் 28, பழைய டிரான்ஸ்வாலின் ஸ்டாண்டர்ட்டன். 1976இல் தென்னாபிரிக்கத் தரைப்படைத் தளபதி. 1980 முதல் 1985 வரை முப்படைகளுக்கும் தலைவர். அங்கோலாவுக்குள் நடந்த படையெடுப்புகள், 1978 மே 4 அன்று கசிங்கா முகாம் மீதான தாக்குதல், 1984 முதல் கறுப்பினக் குடியிருப்புகளுக்குள் இராணுவம் இறக்கப்பட்டது எல்லாம் அவர் தளபதியாக இருந்த காலத்தவை. கசிங்காவில் இறந்தவர்கள் 600 பேருக்கு மேல் என்றும் பெரும்பாலோர் அகதிகள் என்றும் நமீபிய விடுதலை இயக்கமான ஸ்வாப்போ சொன்னது. அது படைமுகாம் என்றது தென்னாபிரிக்க இராணுவம். அவருடைய அரசியலைப் படிக்கும்போது இந்தப் பின்புலத்தை மறக்கக் கூடாது. பிற்காலத்தில் அவரைப் புகழ்ந்து எழுதிய பலர் இந்தப் பக்கத்தைப் புரட்டாமலே விட்டுவிட்டார்கள்.

1985இல் ஓய்வு. ஒரிக்ஸ்டாட்டில் பண்ணை. எட்டு வருடங்கள் விவசாயம்.

அந்த எட்டு வருடங்களில் வெள்ளையர் அரசியல் உடைந்துகொண்டே வந்தது. ஆளும் தேசியக் கட்சி, கலப்பினத்தவரையும் இந்தியரையும் பாராளுமன்றத்துக்குள் சேர்க்க முனைந்தபோது, அதை எதிர்த்து அன்ட்ரீஸ் ட்ரூர்னிக்ட் 1982இல் வெளியேறிக் கன்சவேட்டிவ் கட்சியை ஆரம்பித்திருந்தார். அது 1987இல் பிரதான எதிர்க்கட்சியானது. 1989இல் 39 ஆசனங்கள். ஆனால் 1992 மார்ச் 17 அன்று வெள்ளையரிடம் மட்டும் நடத்திய பொது வாக்கெடுப்பில், பேச்சுவார்த்தையைத் தொடரலாம் என்று 68.7 சதவீதம் பேர் சொன்னதோடு வலதுசாரிகளின் பாராளுமன்றப் பாதை அடைபட்டது. 1993 ஏப்ரலில் ட்ரூர்னிக்ட் இறந்தார். அடுத்த மாதமே ஃபில்யூனும் வேறு மூன்று ஓய்வுபெற்ற ஜெனரல்களும் வந்து, இருபதுக்கு மேற்பட்ட சிறு அமைப்புகளை ஆபிரிக்கானருக்குத் தனித் தாயகம் கேட்கும் 'ஆபிரிக்கானர் மக்கள் முன்னணி' என்ற ஒரே குடையின் கீழ் சேர்த்தார்கள். கன்சவேட்டிவ் கட்சியின் புதிய தலைவர் ஃபெர்டி ஹார்ட்சன்பேர்க்கும் அதில் இருந்தார். ஜெனரலுக்கு அரசியல் அனுபவம் கிடையாது. படையினரும் விவசாயிகளும் அவர் சொல் கேட்பார்கள், அவ்வளவுதான். அன்றைய நிலையில் அதுவே பெரிய மூலதனம்.

கேள்வி: கையில் ஆள்பலமும் ஆயுதமும் இருந்தவர் ஏன் தேர்தலுக்குப் போனார்? பயந்தாரா, விலைபோனாரா?
*வாசகர், கரவெட்டி*

இரண்டும் இல்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தார் என்பதே பொருத்தம். மூன்று நிகழ்வுகளை வரிசையாகப் பாருங்கள்.

முதலாவது, 1993 ஜூன் 25. கெம்ப்டன் பார்க்கில் பேச்சுவார்த்தை நடந்த உலக வர்த்தக மையக் கட்டடத்தின் கண்ணாடி முகப்பை, யூஜீன் டெர்ரபிளான்ஷின் ஏ.டபிள்யூ.பி. என்ற தீவிர வலதுசாரி ஆயுதக் குழுவினர் கவச வாகனத்தால் இடித்துக்கொண்டு உள்ளே புகுந்தார்கள். ஃபில்யூன் அங்கே இருந்தார், தடுக்கப் பார்த்தார், யாரும் கேட்கவில்லை. தன் பெயரில் கூடிய கூட்டம் தன் கட்டளைக்குக் கட்டுப்படாது என்பதை ஒரு தளபதி கண்ணால் கண்ட நாள் அது.

இரண்டாவது, அதே ஆண்டு ஓகஸ்டில் மண்டேலாவுடன் தொடங்கிய இரகசியச் சந்திப்புகள். ஏற்பாடு செய்தவர்களில் முக்கியமானவர் அவருடைய இரட்டைச் சகோதரர் பிராம். போர் தொடங்கினால் இரு தரப்புக்கும் வெற்றி கிடையாது என்பதில் மண்டேலாவும் அவரும் விரைவிலேயே உடன்பட்டார்கள். அதன்பின் பேச்சு "தனித் தாயகம் உண்டா இல்லையா" என்பதிலிருந்து "எந்த வழியில் கேட்பது" என்பதற்கு நகர்ந்தது.

மூன்றாவதுதான் முடிவைத் தீர்மானித்தது. பொப்புதட்ஸ்வானா என்பது நிறவெறி அரசு கறுப்பினத்தவருக்கென உருவாக்கிய 'சுதந்திர' தாயகங்களில் ஒன்று. அதன் தலைவர் லூகாஸ் மங்கோப்பே தேர்தலைப் புறக்கணிக்க, 1994 மார்ச்சில் அவருடைய அரச ஊழியர்களும் பொலிசாரும் அவருக்கு எதிராகத் திரும்பினார்கள். மங்கோப்பே ஃபில்யூனிடம் உதவி கேட்டார். ஒரே நிபந்தனை, ஏ.டபிள்யூ.பி. வரக்கூடாது. ஃபில்யூனின் ஆட்கள் சில ஆயிரம் பேர் மம்பாத்தோ விமானத்தளத்துக்குப் போனார்கள்; அங்குள்ள படையிடமிருந்து ஆயுதம் பெறுவது திட்டம். அழைக்காத ஏ.டபிள்யூ.பி.யும் வந்தது. தெருவில் போனவர்களைச் சுட்டது. அதைக் கண்ட பொப்புதட்ஸ்வானாப் படையே கலகம் செய்தது. மார்ச் 11 அன்று காயம்பட்டுக் கிடந்த மூன்று ஏ.டபிள்யூ.பி. ஆட்கள் தொலைக்காட்சிக் கமராக்களின் முன்னால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

படைத்துறைப் பார்வையில் இதில் பிழைத்தவை தெளிவானவை. ஆயுதமில்லாமல் ஆட்களை முன்னே அனுப்பியது. ஆயுதம் தரவேண்டிய நட்புப்படை ஒரே இரவில் எதிர்ப்படையாக மாறக்கூடும் என்று எண்ணாதது. ஒரே களத்தில் இரண்டு கட்டளைத் தலைமை. இம்மூன்றையும் நாடு முழுவதற்கும் பெருக்கிப் பார்த்தால் உள்நாட்டுப் போர் எப்படியிருக்கும் என்பது அவருக்கு விளங்கியிருக்கும்.

ஒரு வாரம் முன்னரே, மார்ச் 4 நள்ளிரவு நெருங்கும் வேளையில், 'சுதந்திர முன்னணி' என்ற கட்சிப் பெயரைத் தற்காலிகமாகப் பதிந்து வைத்திருந்தார். கூட்டாளிகள் அதை ஏற்கவில்லை. மம்பாத்தோவுக்குப் பிறகு அவர் யாரையும் கேட்கவில்லை. வேட்பாளர் பட்டியலைக் கொடுத்தார். கன்சவேட்டிவ் கட்சி வெளியிலேயே நின்றது.

கேள்வி: ஏப்ரல் 23 உடன்படிக்கையில் உண்மையில் என்ன இருந்தது? இன்றைய அரசியலமைப்பில் அதன் சுவடு உண்டா?
*சட்ட மாணவி, நல்லூர்*

வாக்களிப்பு ஏப்ரல் 26 அன்று தொடங்கியது. மூன்று நாள் முன்னர், 23ஆம் திகதி, சுதந்திர முன்னணிக்காக ஃபில்யூனும், மண்டேலாவின் ஆபிரிக்க தேசிய காங்கிரஸுக்காக தபோ எம்பெக்கியும், அரசாங்கத்துக்காக ரூலோஃப் மேயரும் ஒப்பமிட்டார்கள். சாரம் இது: ஆபிரிக்கானர் சுயநிர்ணயம் பற்றி, தனித் தாயகம் என்ற எண்ணம் உட்பட, பேச்சுவார்த்தை நடக்கும். அது ஜனநாயகத்துக்கும் இனபேதமின்மைக்கும் அடிப்படை உரிமைகளுக்கும் முரணாகக் கூடாது. அதற்குக் கணிசமான ஆதரவு நிரூபிக்கப்பட வேண்டும். நிரூபணம் எது? தாயகத்துக்கு ஆணை கேட்டுப் போட்டியிடும் கட்சிகளுக்கு வரும் தேர்தலில் விழும் வாக்கு.

சட்டம் படிப்பவர் என்பதால் உங்கள் கண்ணில் உடனே பட்டிருக்கும். 'கணிசமான' என்றால் எத்தனை வீதம்? எழுதப்படவில்லை. நாடு முழுவதிலுமா, ஆபிரிக்கானர் மத்தியிலா, ஒரு பிரதேசத்திலா? அதுவும் இல்லை. ஒப்பமிட்டவர்கள் தெரியாமல் விட்டார்கள் என்று நாம் நம்பவில்லை. எண் எழுதியிருந்தால் யாராவது ஒருவர் பேனையைக் கீழே வைத்திருப்பார்.

இதற்குச் சில வாரங்கள் முன்னரே இடைக்கால அரசியலமைப்பு திருத்தப்பட்டிருந்தது. இறுதி அரசியலமைப்பு பின்பற்ற வேண்டிய கோட்பாடுகளில், சுயநிர்ணயத்தை அனுமதிக்கும் 34ஆவது கோட்பாடு சேர்ந்தது. கூடவே 20 பேர் கொண்ட தாயகப் பேரவை ஒன்று. தாயகத்தை ஆதரிக்கும் பாராளுமன்ற உறுப்பினர்களே அந்த இருபது பேரையும் தெரிவுசெய்வார்கள். எல்லை, அதிகாரம், அமைப்பு ஆகியவற்றை ஆராய்ந்து அறிக்கை கொடுப்பது வேலை. ஆலோசனை சொல்லலாம், முடிவெடுக்க முடியாது. அறிக்கைகள் வந்தன. மாகாண வரைபடத்தில் ஒரு கோடும் மாறவில்லை. சில ஆண்டுகளில் பேரவையும் இல்லாமற்போனது.

1996 அரசியலமைப்பில் மிஞ்சியவை இரண்டு. 235ஆம் பிரிவு, பொதுவான பண்பாடும் மொழி மரபும் கொண்ட எந்தச் சமூகத்தினதும் சுயநிர்ணய உரிமை என்ற கருத்தை, குடியரசுக்குள் ஒரு ஆள்புலத்திலோ வேறு வழியிலோ, தேசிய சட்டம் தீர்மானிக்கும் முறையில் ஏற்பதற்குத் தடையில்லை என்கிறது. முழு எடையும் 'தேசிய சட்டம்' என்ற இடத்தில் விழுகிறது. அப்படியான தாயகத்தை அமைக்கும் சட்டம் இன்றுவரை வரவில்லை. 185ஆம் பிரிவு, பண்பாட்டு, மத, மொழிச் சமூகங்களின் உரிமைகளுக்கான ஆணைக்குழுவை அமைக்கிறது. அது இயங்குகிறது, ஆனால் ஆட்சியதிகாரம் கொண்ட அமைப்பு அல்ல.

கேள்வி: இரண்டு சதவீத வாக்கை வைத்து ஒன்பது ஆசனம் எடுத்தார்கள் என்கிறீர்கள். கணக்கைப் படிப்படியாகச் செய்து காட்டுவீர்களா? நம் முறையில் அதே வாக்குக்கு என்ன கிடைத்திருக்கும்?
*ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், சாவகச்சேரி*

ஐயா, மகிழ்ச்சியுடன்.

செல்லுபடியான வாக்குகள் 19,533,498. ஆசனங்கள் 400. ஆசனத்தோடு ஒன்றைக் கூட்டி, 401ஆல் வகுக்க வேண்டும்: 48,711.97. அதோடு ஒன்று கூட்டிப் பின்னத்தை விட்டால் ஓர் ஆசனத்தின் விலை 48,712 வாக்கு. சுதந்திர முன்னணி பெற்றது 424,555, அதாவது 2.17 சதவீதம். 48,712 அதில் எட்டு முறை போகும். 389,696 கழிய மிச்சம் 34,859. எல்லாக் கட்சிகளுக்கும் முழு ஆசனங்களைக் கொடுத்து முடிந்தபோது 393 போய், ஏழு மிஞ்சியது. அந்த ஏழில் ஐந்து, பெரிய மிச்சம் உள்ளவர்களுக்கு வரிசையாகப் போகும். மீதி இரண்டு, ஆசனமொன்றுக்கான சராசரி வாக்குப்படி. மிச்ச வரிசையில் சுதந்திர முன்னணி சரியாக ஐந்தாமிடம். ஒன்பதாவது ஆசனம் இப்படித்தான் வந்தது. வெட்டுப்புள்ளி, அதாவது ஆசனம் பெற எடுக்கவேண்டிய குறைந்தபட்ச வீதம், என்று ஒன்று அங்கே கிடையாது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது நம் இலங்கை முறை. மாவட்டத்தில் 5 சதவீதம் எடுக்காத கட்சி முதலில் கழிக்கப்படும். முதலிடக் கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். மிகுதி வாக்கை, ஆசனத் தொகையில் ஒன்றைக் குறைத்து வகுக்க வேண்டும். 2024இல் ஆறு ஆசனம் இருந்த யாழ் மாவட்டத்தில் ஐந்தால். ஃபில்யூன் கட்சியின் தேசிய வாக்கு ஒன்பது மாகாணங்களில் ஒன்றில்கூட 5 சதவீதத்தைத் தொடவில்லை. மாகாணங்களை நம் மாவட்டங்களாக எண்ணினால் கிடைத்திருப்பது பூச்சியம். தேசியப் பட்டியலில் ஒன்று தட்டுப்பட்டால் அதிர்ஷ்டம்.

மறுபக்கமும் பாருங்கள். 2024 பாராளுமன்றத் தேர்தலில் இலங்கைத் தமிழரசுக் கட்சி எடுத்தது 257,813 வாக்கு, 2.31 சதவீதம். கிடைத்தது 225இல் 8. ஏழு மாவட்ட ஆசனம், ஒரு தேசியப் பட்டியல். கிட்டத்தட்ட ஒரே வீதம். ஆனால் சபையில் அவர்களுக்கு 2.25 சதவீத இடம், இவர்களுக்கு 3.56. வடக்கு கிழக்கில் செறிந்த வாக்குக்கு மாவட்ட முறை கைகொடுக்கிறது. நாடெங்கும் சிதறிய வாக்குக்கு ஒரே நாடு, ஒரே கணக்கு என்ற முறைதான் உயிர் கொடுக்கும். தேர்தல் முறைச் சீர்திருத்தம் பற்றி மேடையில் பேசுபவர்கள் தங்கள் வாக்கு எந்த வகை என்று முதலில் பார்ப்பது நல்லது.

இன்னொரு எண்ணும் உங்களுக்குப் பிடிக்கும். அன்று ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குச்சீட்டு, தேசியத்துக்கு ஒன்று, மாகாணத்துக்கு ஒன்று. முதலில் ஒரே சீட்டு என்றிருந்து, சிறு கட்சிகள் கேட்டதால் இரண்டானது. மாகாணச் சீட்டுகளில் சுதந்திர முன்னணி எடுத்த கூட்டுத்தொகை 639,643. தேசிய வாக்கைவிட 215,088 அதிகம். இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாகாணத்தில் ஜெனரலுக்கும் நாட்டுக்கு வேறு கட்சிக்கும் புள்ளடி போட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் அது அன்றைய ஜனாதிபதி டி கிளார்க்கின் தேசியக் கட்சியாகவே இருக்கும். உடன்படிக்கை கேட்ட 'நிரூபணத்துக்கு' எந்த எண்ணை எடுப்பது? ஃபில்யூன் தரப்பு பெரிய எண்ணையே காட்டியது. அதில்கூட வெற்றியில்லை.

கேள்வி: அவர்கள் கேட்ட தாயகத்தை வரைபடத்தில் வரைய முடியாமற்போனது ஏன்? ஒரானியா என்ற ஊர் அதுதானா?
*வாசகர், பருத்தித்துறை*

வரையத் தடையாக இருந்தது குடித்தொகை. 1996 கணக்கெடுப்பில் வெள்ளையர் 10.9 சதவீதம். அவர்களில் ஆபிரிக்கான்ஸ் மொழியினர் பத்தில் ஆறு பேரளவு, சுமார் 26 இலட்சம். ஒரு மாகாணத்திலும் அவர்கள் பெரும்பான்மை இல்லை. ஆபிரிக்கான்ஸ் பேசுவோர் அதிகமுள்ள மேற்கு, வடக்கு கேப் மாகாணங்களிலும் அந்த மொழியைப் பேசுவோரில் பெரும்பாலோர் கலப்பினத்தவர். அவர்களையும் சேர்த்துக்கொண்டால் வரைபடம் வந்திருக்கும். ஆனால் அந்தக் கதவைப் பல தசாப்தங்களாக அடித்துச் சாத்தியவர்களே இவர்கள்தான்.

வாக்கு எங்கே விழுந்தது என்று பார்த்தால் சிக்கல் இன்னும் தெளிவு. மாகாணச் சீட்டின் 639,643இல் 258,935 வந்தது பிரிட்டோரியாவும் ஜொகனஸ்பேர்க்கும் உள்ள கௌட்டெங்கிலிருந்து, நூற்றுக்கு நாற்பது. நாட்டின் தொழில் இதயத்தை யாரும் வெட்டித் தரமாட்டார்கள். நிலம் வெறுமையாகக் கிடந்த வடக்கு கேப்பில் விழுந்தது 24,117. வாக்காளர் இருந்த இடத்தில் தாயகத்துக்கு நிலமில்லை. நிலமிருந்த இடத்தில் வாக்காளர் இல்லை.

ஒரானியா, ஒரேஞ்ச் ஆற்றங்கரையில் நீர்ப்பாசன அமைச்சு தன் தொழிலாளருக்குக் கட்டிப் பின் கைவிட்ட குடியிருப்பு. நிறவெறிக் கொள்கையின் சிற்பி எனப்படும் வெர்வூர்டின் மருமகன் காரல் பொஷோஃப் தலைமையில் ஒரு குழு அதை விலைக்கு வாங்கி 1991இல் குடியேறியது. தனியார் கம்பனிச் சொத்து. குடியேற விண்ணப்பித்து நேர்முகத் தேர்வில் தேறவேண்டும். தோட்ட வேலை முதல் குப்பை அள்ளுவது வரை சொந்தக் கையால் செய்ய வேண்டும் என்பது விதி. மண்டேலா 1995இல் அங்கே போய் வெர்வூர்டின் விதவையோடு தேநீர் குடித்தார். முப்பது வருடம் கழித்தும் அங்குள்ளோர் நம் இரண்டு மூன்று கிராம அலுவலர் பிரிவுகளில் வசிக்கும் அளவினரே. ஃபில்யூன் கேட்டது ஆட்சி. இது காணி உறுதி.

கேள்வி: 1996 அரசியலமைப்பை அவர் எதிர்த்து வாக்களித்தாரா?
*வாசகர், வட்டுக்கோட்டை*

இல்லை. மே 8 வாக்கெடுப்பில் ஆதரவு 421, எதிர்ப்பு 2, வாக்களியாதோர் 10. எதிர்த்த இருவரும் ஆபிரிக்க கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியினர்; ஒதுங்கி நின்ற பத்துப் பேர் சுதந்திர முன்னணியினர். எதிர்த்தால் 235ஆம் பிரிவையும் எதிர்த்ததாகிவிடும். ஆதரித்தால் தாயகக் கோரிக்கை தீர்ந்துவிட்டதாகிவிடும். சிறு கட்சியின் கையிலிருந்த ஒரே நுட்பமான வாக்கு அதுதான்.

கேள்வி: இரட்டைச் சகோதரர் பற்றி ஒரு வரி?
*வாசகி, கொக்குவில்*

பிராம் ஃபில்யூன், இறையியலாளர், நிறவெறியை வெளிப்படையாக எதிர்த்தவர். ஒருவர் படைத்தலைவராக இருந்தபோது மற்றவர் அதே அரசின் சந்தேகப் பட்டியலில்.

கேள்வி: அவருக்குப் பின் கட்சி என்னவானது?
*வாசகர், மானிப்பாய்*

1999இல் 0.80 சதவீதம், 3 ஆசனம். 2001இல் தலைமையைப் பீட்டர் முல்டரிடம் கொடுத்துவிட்டுப் பண்ணைக்குத் திரும்பினார் ஃபில்யூன்; 2020 ஏப்ரல் 3 அன்று காலமானார். கன்சவேட்டிவ் கட்சியின் மிச்சசொச்சமும் வந்து சேர்ந்ததால் பெயரின் பின்னால் ஒரு 'பிளஸ்' ஒட்டியது. 2004, 2009, 2014 மூன்றிலும் 4 ஆசனம், ஒரு சதவீதத்துக்குக் கீழே. முல்டர் 2009இல் ஜேக்கப் ஸூமாவின் அரசில் விவசாயப் பிரதி அமைச்சரானார். கட்சிக்காரர் சிலருக்கு அது கசந்தது. ஆனால் விவசாயிகளின் ஆதரவை நம்பும் கட்சிக்கு அதைவிடப் பொருத்தமான நாற்காலி எது?

2019இல் 414,864 வாக்கு, 10 ஆசனம். நட்டஈடின்றிக் காணி சுவீகரிக்கலாம் என்ற விவாதம் அப்போது கொதித்துக்கொண்டிருந்தது; பெரிய எதிர்க்கட்சியான ஜனநாயகக் கூட்டணியில் சலித்த வெள்ளை வாக்காளர் இங்கே வந்தார்கள். 2024இல் அவர்களில் பலர் திரும்பிப் போக, 218,850 வாக்கோடு 6 ஆசனம். ஆனால் அம்முறை யாருக்கும் பெரும்பான்மை இல்லாததால் கூட்டணி அரசில் இடம் கிடைத்தது. அப்போதைய தலைவர் பீட்டர் குருனவால்ட் சிறைச்சாலைகள் அமைச்சரானார். பத்து ஆசனத்தோடு வெளியே நின்றதைவிட ஆறு ஆசனத்தோடு உள்ளே போனதில் பயன் அதிகம்.

கேள்வி: தமிழ்க் கட்சிகளுக்கு ஃபில்யூன் முன்மாதிரி ஆவாரா?
*வாசகர், யாழ்ப்பாணம்*

முன்மாதிரி என்பது மிகை. அவருடைய மக்கள் 1948 முதல் நாட்டையே ஆண்டவர்கள். ஆட்சி கைநழுவும்போது கேட்டது தாயகம். காணியும் மூலதனமும் பல்கலைக்கழகங்களும் அப்போதும் அவர்கள் கையில் இருந்தன. ஒடுக்கப்பட்டு, உரிமை கேட்டு எழுந்த சிறுபான்மையோடு இதை ஒரே தட்டில் வைக்க முடியாது. செறிந்து வாழும் நிலப்பரப்பும் நமக்கு இருக்கிறது, அவர்களுக்கு இல்லை.

ஆவணங்கள் வேறு விடயம். அவற்றைப் படிக்கலாம். ஒரு உடன்படிக்கையில் எண் எழுதாமல் விட்டால் பின்னர் யாருக்கு இலாபம், 'சட்டம் தீர்மானிக்கும் முறையில்' என்ற தொடர் ஒரு உரிமையை எத்தனை வருடம் தூங்க வைக்கும், அதிகாரமில்லாத ஆலோசனைச் சபை எப்படிக் கரையும் என்பதற்கெல்லாம் அங்கே அச்சில் சான்று உண்டு.

கேள்வி: நமீபியாவிலும் இப்படி ஒருவர் இருந்தாரா?
*வாசகர், ஊர்காவற்றுறை*

இருந்தார். கோசி பிரிட்டோரியஸ். 1989 அரசியலமைப்புச் சபைத் தேர்தலில் அவருடைய வெள்ளையர் கூட்டணிக்கு 72இல் 3 ஆசனம். 1990 பெப்ரவரி 9 அன்று அரசியலமைப்பு ஏகமனதாக நிறைவேறியபோது அவர்களும் அதில் சேர்ந்திருந்தார்கள். பின்னர் 'மொனிட்டர் செயற்குழு' என்ற பெயரில் 1994, 1999, 2004 தேர்தல்களில் ஒவ்வோர் ஆசனம். அங்கும் வெட்டுப்புள்ளி இல்லை. ஒரு சதவீதத்துக்குக் கீழே எடுத்தும் சபைக்குள் இருக்க முடிந்தது. 2009இல் அந்த ஒன்றும் போனது.